சூரியனுக்குச் சாவி யார் கையில்?

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் வயதான தொழிலாளி ஒருவர் எனக்கு ஒருமுறை சொன்னது இது.

"வாங்க வர்ற எல்லாரும் பூட்டைத்தான் தம்பி தூக்கிப் பார்க்குறாங்க. எவ்வளவு கனம், எத்தனை லீவர்னு கேக்குறாங்க. சாவி எத்தனை இருக்கு, அது யார் யார்கிட்ட இருக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது டெல்லியிலிருந்து வருகிற ஒரு பிரமாண்டமான திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

திட்டத்தின் பெயர் 'ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே கிரிட்'. 2018 அக்டோபரில் சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியின் முதல் பொதுச்சபைக் கூட்டத்தில் பிரதமர் மோடி இதை முன்வைத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரிட்டனும் கைகோத்துக்கொள்ள, உலகத் திட்டமாகவே அறிவித்தார்கள். முதல் கட்டமாக மேற்காசியா, தெற்காசியா, தென்கிழக்காசியா நாடுகளைக் கம்பியால் இணைப்பது. இரண்டாவது கட்டத்தில் ஆப்பிரிக்கா. மூன்றாவது கட்டத்தில் உலகம் முழுக்க.

'ஒரே' என்று ஆரம்பிக்கும் எதைக் கேட்டாலும் நம்மூர்க்காரர்களுக்கு வயிற்றில் லேசாகப் புளி கரையும். ஒரே மொழி, ஒரே தேர்தல் என்று நாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பட்டியல் நீளம். ஆனால், இந்த 'ஒரே'வை அந்தப் பட்டியலில் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஏனென்றால், இது நல்ல யோசனை. நிஜமாகவே நல்ல யோசனை. டெல்லியில் உதித்ததும் இல்லை. அமெரிக்காவின் பக்மினிஸ்டர் ஃபுல்லர் 1970-களிலேயே பேசிய விஷயம்தான்.

கணக்கு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பூமி 15 பாகை சுற்ற ஒரு மணி நேரம். திண்டுக்கல்லில் சாயங்காலம் சூரியன் இறங்கும்போது மஸ்கட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேர வெயில் மிச்சம் இருக்கிறது. கெய்ரோவில் மூன்று மணி நேர வெயில். நாம் விளக்குப் போடுகிற நேரத்தில் அவர்கள் கூரையில் வெயில் சும்மா காய்கிறது. அதே மாதிரி காலையில் நாம் இட்லி சாப்பிட்டு முடிக்கும்போது அவர்கள் இருட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நம் காலை வெயிலை அவர்களுக்கு அனுப்பலாம்; அவர்கள் மாலை வெயிலை நாம் வாங்கிக்கொள்ளலாம். 'அவ்வளவு தூரம் போனால் கம்பியிலேயே கரண்ட் கரைந்துவிடாதா?' என்று கேட்பீர்கள். உயர் அழுத்த நேர்மின்சாரமாக மாற்றி அனுப்பினால் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் 3 சதவீதம்தான் இழப்பு.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பி இழுப்பதை எதிர்க்கும் கட்டுரை இல்லை இது.

* * *

கம்பி ஏன் வேண்டும் என்று தெரிய ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனால் போதும்.

தக்காளி வரத்து அதிகமான நாளில் பார்த்திருக்கிறீர்களா? பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். அதே தக்காளி இரண்டு மாசம் கழித்து விற்கிற விலையில் வாங்கப் போனவர் பை காலியாகத் திரும்புவார். விளையும் நாளும் தேவைப்படும் நாளும் வேறு வேறு. இதற்கு இரண்டே வைத்தியம். ஒன்று, குளிர்பதனக் கிடங்கு. இன்னொன்று, கேரளாவுக்கு லாரி.

சூரிய மின்சாரமும் தக்காளிதான். மதியம் 12 மணிக்குக் கொட்டிக் கிடக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு யூனிட்கூடக் கிடையாது. மின்சாரச் சந்தையில் மதிய விலை சில நாட்களில் அடிமாட்டு விலைக்குப் போகிறது. அதே நாள் சாயங்காலம், ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தொடுகிறது. இங்கே கிடங்கு என்பது பேட்டரியும் நீரேற்று நிலையமும். லாரி என்பது கம்பி.

2025 மார்ச் முடிவில் தமிழ்நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றாலை அதற்கும் மேல். பழனியைத் தாண்டித் தாராபுரம் ரோட்டில் போனால் ரெண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இவ்வளவையும் விளைந்த நேரத்திலேயே இங்கேயே தின்று தீர்க்க முடியாது. லாரி வேண்டும்.

லாரி இல்லாமல் நாம் பட்ட பாடும் மறந்துபோயிருக்காது. 2008-ல் ஆரம்பித்த மின்வெட்டு, 2012-ல் பல ஊர்களில் ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம் என்று ஆனது. திண்டுக்கல், வேடசந்தூர் நூற்பாலைகளில் ஷிப்ட் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று மேனேஜருக்கே தெரியாது. சின்னாளபட்டியில் தறிக்காரர்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தூங்கி எழுந்தார்கள். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் வடக்கே விலைக்குக் கிடைத்த மின்சாரத்தைக்கூட வேண்டிய அளவுக்கு இங்கே கொண்டுவர முடியவில்லை. காரணம், தென்மாநில கிரிட் தனித் தீவு. நடுவில் இருந்த பாதை ஒற்றையடிப் பாதை.

தனியாக இருந்ததில் ஒரே ஒரு லாபம் கிடைத்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்டுகள் சரிந்து, சுமார் 60 கோடிப் பேர் இருட்டில் உட்கார்ந்தபோது நாம் தப்பித்தோம். 'எங்களுக்கு இது பழகிப்போச்சுப்பா' என்று இங்கே சிரித்துக்கொண்டோம்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி வழியாக நம் கிரிட் நாட்டின் கிரிட்டோடு இணைந்தது. மின்வெட்டு தீர்ந்ததற்கு அது மட்டுமே காரணமில்லை. புது மின் நிலையங்களும் வந்தன. ஆனாலும், கம்பி இல்லாமல் தீர்ந்திருக்காது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அன்றைக்கு மாநிலம் இருட்டாகவில்லை. இதைச் சொல்லாமல் கிரிட்டைத் திட்டுவது நன்றி கெட்டத்தனம்.

* * *

அடுத்த கம்பி நமக்குப் பக்கத்திலேயே வரப்போகிறது. மதுரையிலிருந்து கடலைத் தாண்டி இலங்கைக்கு.

பல வருஷப் பேச்சு இது. 2010-ல் சாத்தியக்கூறு ஆய்வுக்கு இரு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. பிறகு கிணற்றில் போட்ட கல். 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு போனபோது மறுபடி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

இலங்கைக்கு இது எவ்வளவு அவசியம் என்பதற்கு அந்த வருஷமே இரண்டு சாட்சிகள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது. தீவு மொத்தமும் இருண்டது. குரங்கைக் கைகாட்டியவர் அந்த நாட்டின் மின்சக்தி அமைச்சரேதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால், குரங்கு பாவம். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் இல்லை, தேவை குறைவு. கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரமோ அதிகம். கிரிட் ஏற்கெனவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. குரங்கு லேசாகத் தட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது சாட்சி, அதே வருஷம் ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. 'கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகலில் அணைத்து வையுங்கள்' என்று இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் டாலர் இல்லாமல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாடு அது. அங்கே இலவசமாகக் கொட்டும் வெயிலை 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய நிலைமை. கடலுக்கு இந்தப் பக்கம் நமக்கும் அன்றைக்குப் புத்தாண்டு லீவுதான். ஆனால், ஏப்ரல் வெயிலில் நம்மூர் ஏ.சி-க்கு ஏது லீவு? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் ஒரு கம்பி இருந்திருந்தால் அவர்கள் கூரை வெயில் நம் வீட்டு ஃபேனைச் சுற்றியிருக்கும். அவர்கள் கைக்கு நாலு காசு போயிருக்கும்.

இப்படி ஒரு கம்பியை யார் வேண்டாம் என்பார்கள்?

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

* * *

இலங்கையைக் குரங்கு இருட்டாக்கிய அதே 2025 பிப்ரவரி 9 அன்று உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு கொண்டாட்டம். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று குட்டி நாடுகள் முந்தின நாள் ரஷ்ய கிரிட்டிலிருந்து தங்களைக் கழற்றிக்கொண்டு, அன்றைக்கு ஐரோப்பிய கிரிட்டில் சேர்ந்தன. சோவியத் காலத்துக் கம்பி. சோவியத் போய் 30 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஸ்விட்ச் மட்டும் மாஸ்கோ கையிலேயே இருந்தது. எப்போது அணைப்பானோ என்ற பயத்திலேயே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

நம் பக்கத்து வீட்டையும் பாருங்கள். ஜார்க்கண்ட் மாநிலம் கொட்டாவில் அதானி குழுமத்தின் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம், பங்களாதேஷுக்கு விற்பதற்காகவே கட்டப்பட்டது. 2024 கடைசியில் பணப் பாக்கி என்று சொல்லி சப்ளையைப் பாதியாகக் குறைத்தார்கள். பாக்கி உண்மை. கடன்பட்டவர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், ஒரு நாட்டின் விளக்கு ஒரு கம்பெனியின் பேரேட்டில் தொங்குவது 'பகிர்வு' என்ற வார்த்தைக்குள் அடங்குமா? வட்டிக்கடைக்கும் அன்னதானக் கூடத்துக்கும் வித்தியாசம் வேண்டாமா?

2009-ல் ஜெர்மன் கம்பெனிகள் சேர்ந்து 'டெசர்டெக்' என்று ஒரு கனவு கண்டன. சஹாரா பாலைவனத்து வெயிலைக் கம்பி வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவது. 'எங்கள் கிராமங்களுக்கே கரண்ட் போதவில்லை, அதற்குள் ஏற்றுமதியா?' என்ற கேள்வி ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து எழுந்தது. நாலைந்து வருஷத்துக்குள் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

இதெல்லாம் பெரிய நாடுகள், பெரிய கம்பெனிகள் கதை. நம் மாவட்டத்துக்கு வருவோம். எனக்கு நெருக்கமான கதை அதுதான்.

* * *

ஒட்டன்சத்திரத்துக்குக் கிழக்கே என் பெரியப்பாவுக்கு நாலு ஏக்கர். முருங்கையும் கொஞ்சம் தென்னையும். சில வருஷத்துக்கு முன்னால் அந்த நாலு ஏக்கர் நடுவில் ஒரு டவர் வந்து நின்றது. யார் நட்டார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் நடுகிறார்கள்.

"முதல்ல நாலு பேர் வந்து குச்சி நட்டாங்க. என்னன்னு கேட்டா, 'சர்வே'ன்னாங்க. அடுத்த மாசம் குழி தோண்டினாங்க. கேட்டா, 'ஆர்டர் இருக்கு'ன்னாங்க. ஆறு தென்னை போச்சுப்பா. கம்பிக்குக் கீழ இனிமே தென்னை வைக்கக் கூடாதாம். நிலம் என் பேர்லதான் இருக்கு, பட்டா என் பேர்லதான் இருக்கு. விக்கப்போனா எவனும் பாதி விலைக்குக்கூடக் கேக்க மாட்டேங்கிறான்" என்றார் பெரியப்பா.

"நிலத்தை எடுத்துக்கிட்டாங்களா பெரியப்பா?"

"எடுத்திருந்தா வெலை குடுக்கணும்ல? எடுக்கல. நட்டிருக்காங்க."

அந்த ஒரு வார்த்தைக்குள்தான் மொத்தச் சட்டமும் இருக்கிறது. மின் கோபுரத்துக்கு நிலத்தைக் கையகப்படுத்த வேண்டியதில்லை. 1885-ம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம், தந்திக் கம்பம் நடுவதற்கு வெள்ளைக்கார அரசாங்கத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை, 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு மின்கம்பிக்காரர்களுக்குக் கொடுக்க வழி செய்கிறது. யார் நிலமாக இருந்தாலும் நடலாம். தடுத்தால் கலெக்டர் அனுமதி வாங்கி நடலாம்.

தந்தி 2013 ஜூலையோடு செத்துப்போனது. கடைசித் தந்தி அனுப்ப ஜனங்கள் க்யூவில் நின்ற படத்தைப் பேப்பரில் பார்த்தோம். 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்து பழைய தந்திச் சட்டத்துக்கும் முடிவு கட்டினார்கள். அதிலும் ஒரு வரியைக் கவனமாகச் சேர்த்தார்கள்: மின்கம்பி இழுக்கும் விஷயத்தில் மட்டும் பழைய தந்திச் சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடர்ந்து உயிரோடு இருக்கும்! வெள்ளைக்காரன் போட்ட சட்டங்களை எல்லாம் மாற்றுகிறோம் என்று மார்தட்டுகிற அரசாங்கம், வெள்ளைக்காரன் விவசாயி தலையில் வைத்த இந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் ஆயுள் காப்பீடு எடுத்துக் கொடுத்திருக்கிறது.

இன்னொரு கதையும் கேளுங்கள். கரூர் பக்கம் புகளூருக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து ஒரு ராட்சதக் கம்பி வருகிறது. 6,000 மெகாவாட், 800 கிலோவோல்ட், ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கம்பி ஒன்று போகிறது. பிரதமர் 2021 பிப்ரவரியில் தொடங்கி வைத்தார். இந்தக் கம்பி தமிழ்நாட்டுக்குள் டவர் வழியாக வயல்களுக்கு மேலே போகிறது. கேரளாவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் கேபிளாக மாறி, சுமார் 27 கிலோமீட்டர் ரோட்டோரமாகப் பூமிக்கடியில் போகிறது.

2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம், காத்திருப்புப் போராட்டம் என்று உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டதும் இதைத்தான். 'அங்கே பூமிக்கடியில் போகிற கரண்ட் இங்கே ஏன் போகாது?' கேரளாவில் வழி குறுகல், நிலம் கிடைப்பது கஷ்டம் என்று பதில் வந்தது. கேபிள் என்றால் செலவு பல மடங்கு என்றும் பதில் வந்தது. இரண்டும் பொய்யில்லை. ஆனால், பாருங்கள்... நிலம் கிடைப்பது கஷ்டம் என்று இன்ஜினீயர் சொன்னால் கேபிள் பூமிக்குள் போகிறது. நிலம் கொடுப்பது கஷ்டம் என்று விவசாயி சொன்னால் போலீஸ் வண்டி வருகிறது.

'நஷ்டஈடு கொடுக்கிறார்களே' என்பார்கள். கொடுக்கிறார்கள். டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது 2015-ன் மத்திய அரசு வழிகாட்டுதல். 2024 ஜூனில் அதை முறையே 200, 30 சதவீதமாக உயர்த்தினார்கள். போராடியவர்கள் வாங்கிக் கொடுத்தது இது, வரவேற்கிறேன். ஆனால், மாநிலம் ஏற்றால்தான் உண்டு. ஏற்கெனவே டவர் நிற்கிறவர்களுக்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இது ஒரே தடவை கொடுக்கும் காசு. கம்பி வருஷா வருஷம் சம்பாதிக்கும்.

* * *

இப்போது கூரைக்கு ஏறுவோம்.

2015-ல் கமுதி சூரிய மின் நிலையத்துக்காக அதானி குழுமத்தோடு தமிழக மின்வாரியம் 25 வருஷ ஒப்பந்தம் போட்டது. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. 648 மெகாவாட், 2,500 ஏக்கர் என்று 2016-ல் உலகமே வியந்து பார்த்த நிலையம் அது. 2017-ல் மின்வாரியம் ஏலம் விட்டபோது சூரிய மின்சாரம் யூனிட் 3 ரூபாய் 47 காசுக்கு வந்துவிட்டது. தகடு விலை சரிந்தது உண்மைதான். சரி.

2019-ல், கூரையில் சோலார் வைத்து உபரியை கிரிட்டுக்குக் கொடுக்கும் சாதாரண ஜனங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை என்ன தெரியுமா? யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு. அந்த யூனிட் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குப் போகும். டவர் வேண்டாம், 1,700 கிலோமீட்டர் கம்பி வேண்டாம், யார் தென்னையையும் வெட்ட வேண்டாம். உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் பயணம் செய்யும் மின்சாரத்துக்கு மிகக் குறைந்த விலை!

2021-ல் வீடுகளுக்கு மட்டும் கொடுத்ததைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் 'நெட் மீட்டர்' முறை திரும்பி வந்தது. 2024-ல் மத்திய அரசு, கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. நல்லது. ஆனால், ஆலைகளும் சிறுதொழில்களும் தங்கள் சொந்தக் கூரையில் செய்து தாங்களே பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் 'நெட்வொர்க் கட்டணம்' வந்தது. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கத்தின் அலுவலகமே திண்டுக்கல்லில்தான் இருக்கிறது. இந்தக் கட்டணத்தை நினைத்தாலே நூற்பாலைக்காரர்களுக்கு எப்படி எரியும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குப் பாதியாகக் குறைப்பதாக 2023-ல் அரசு அறிவித்தது.

மின்வாரியத்தின் வாதத்தையும் கேட்டுவிடுவோம். 'பகலில் உன் கூரை. ராத்திரியும் மழை நாளும் எங்கள் கம்பி. கம்பியைப் பராமரிக்க யார் காசு?' நியாயமான கேள்வி. கம்பியைக் கிடங்கு மாதிரி பயன்படுத்துகிறவர் ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். கடனில் மூழ்கிக் கிடக்கும் வாரியத்துக்கு அதுவும் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், அதே நியாயத்தை என் பெரியப்பா வயலுக்கு எடுத்துவாருங்கள். அடுத்தவர் கம்பியை நான் பயன்படுத்தினால் மாசாமாசம் கட்டணம். என் நிலத்தை அடுத்தவர் கம்பி பயன்படுத்தினால்? ஒரே தடவை காசு, அதோடு தலைமுறைக்கும் தென்னை வைக்காதே! கம்பிக்கு வாடகை உண்டு, நிலத்துக்கு வாடகை இல்லை என்றால், இது எந்த ஊர்க் கணக்கு?

மதியம் அதிகமாகிப்போன சூரிய மின்சாரத்தை 'வேண்டாம், நிறுத்து' என்று வாரியம் சொன்ன காலமும் உண்டு. பெரிய கம்பெனிகள் வழக்குப் போட்டன. 'கிரிட்டின் பாதுகாப்புக்காக நிறுத்தவில்லை, காசு மிச்சம் பிடிக்க நிறுத்தியிருக்கிறீர்கள். நஷ்டஈடு கொடுங்கள்' என்று 2021 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால், டெல்லித் தீர்ப்பாயத்துக்கு வக்கீல் வைத்துப் போக கம்பெனிக்கு முடியும். கூரையில் நாலு தகடு வைத்திருக்கும் ரிட்டையர்டு வாத்தியார் எங்கே போவார்?

* * *

'வளர்ச்சிக்கு எதிரி' என்று ஒரு முத்திரை தயாராக இருக்கும். குத்துவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதை ஒன்றைக் கேட்டுவிடுங்கள்.

உலகத்தோடு பகிர்ந்துகொள்வது திண்டுக்கல்லுக்குப் புதுசு இல்லை. எங்கள் ஊரில் பதனிட்ட தோல் உலகம் முழுக்கப் போனது. அந்நியச் செலாவணி வந்தது. யார் யாரோ பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டார்கள். தோல் ஷாப்புகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் மிஞ்சியது உப்பும் குரோமியமும். அந்தத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தோல் தொழில் வேண்டாம் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. கழிவைச் சுத்தம் செய்யும் செலவையும் விலையில் சேருங்கள் என்றுதான் கேட்டார்கள். கேட்டது காதில் விழுவதற்குள் கிணறு போய்விட்டது.

சூரிய மின்சாரத்தில் புகை இல்லை, கழிவு இல்லை என்பதால் இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிலம் ஓர் ஊரில், தகடு ஓர் ஊரில், கம்பி போகும் வழி வேறோர் ஊரில், லாபம் எங்கோ. நடுவில் இருக்கும் ஊர்களுக்கு நிழல் மட்டும்தான் மிச்சம்.

எதிர்ப்பக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கிரிட்டே வேண்டாம், ஊருக்கு ஊர் நாமே தயாரித்துக்கொள்வோம்' என்கிறவர்களே, 2012-ஐ ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மார்கழி மூடுபனியிலும் ஐப்பசி அடைமழையிலும் ஊர்க் கூரை மட்டும் ஆஸ்பத்திரியை நடத்தாது. தீவாக இருப்பதன் கஷ்டம் தீவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆக, கம்பி வரட்டும். மதுரையிலிருந்து மன்னாருக்கும் போகட்டும், மஸ்கட்டுக்கும் போகட்டும். ஆனால், முதல் குச்சி நடுவதற்கு முன்னால் நாலு விஷயம் முடிவாகட்டும்.

ஒன்று, டவருக்கும் கம்பிப் பாதைக்கும் வருஷ வாடகை. கம்பி ஓடும் வரைக்கும். ஏற்கெனவே நட்ட டவர்களுக்கும் சேர்த்து.

இரண்டு, கூரையிலிருந்து வரும் யூனிட்டுக்கு, அதே நேரத்தில் வெளியூரிலிருந்து வாங்கும் யூனிட்டைவிட ஒரு காசுகூடக் குறைக்காத விலை.

மூன்று, மின்சார ஏற்றுமதி, இறக்குமதி ஒப்பந்தங்களில் என்ன விலை, யார் எப்போது அணைக்கலாம் என்கிற விவரம் தமிழில், சிங்களத்தில், எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியே வர வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நாம் இன்னொரு மாஸ்கோ ஆகிவிடக் கூடாது. மன்னாரில் காற்றாலைத் திட்டம் போட்ட அதானி நிறுவனம், விலைத் தகராறுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது ஞாபகம் இருக்கட்டும். விலையை மூடி வைத்துத் தொடங்கும் எந்த உறவும் நிலைக்காது.

நான்கு, 1885-ஐ நிஜமாகவே குழிதோண்டிப் புதைப்பது. நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு நடுவதற்கு ஒரு புதுச் சட்டம்.

இதையெல்லாம் ஐ.நா. சபையில் போய்க் கேட்க வேண்டியதில்லை. நம்மூரில் கிராம சபை என்று ஒன்று இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடும். வரவு செலவைப் படித்து, கையெழுத்து வாங்கி, காராபூந்தி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கம்பி போகப்போகும் ஒவ்வொரு ஊரின் கிராம சபையிலும் வரைபடத்தை விரித்து வைத்து, 'இந்த வழியாகப் போகிறோம், இவ்வளவு வாடகை, சம்மதமா?' என்று ஒரு அதிகாரி கேட்கட்டும். கேட்டால் சம்மதிக்க மாட்டார்கள் என்ற பயமா? என் பெரியப்பாவைக் கேட்டுப் பார்த்தேன்.

"வாடகை தர்றதா இருந்தா இன்னொரு டவர்கூட நட்டுக்கட்டும்ப்பா. தென்னையை விட நிச்சயமான வருமானம்ல? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதான்."

உலகத்துக்கே வெளிச்சம் கொடுக்கப் புறப்பட்டிருக்கிறவர்களே, போகிற வழியில் ஒட்டன்சத்திரத்தில் ஒரு நிமிஷம் இறங்கி அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.